பிணம் கேட்டவன் தோற்றவன்

தெலாசா
அறுவடை மாதம், தேய்பிறை இரண்டாம் நாள்

தம்பி எவாகோனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ நன்றாக இருக்கிறாய் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் எடுக்கப் போனால்கூட "ஒந்தம்பி சௌக்கியமாமே" என்று சொல்லிவிட்டுக் காறித் துப்புகிறார்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் நாணல்வெளியில் உன் மெலாய் ஆட்கள் எங்கள் வரிசையை உடைத்தார்கள். என் புருஷன் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டு மிக்கோஸ் கேடயம் இல்லாமல் வந்து என் வாசலில் உட்கார்ந்து அழுதான். "தெலெசோன் வாய்க்கா ஓரமா விழுந்தான். தொடையில குத்து. எந்திரிக்கப் பாத்தான். பின்னால இருந்து தள்ளிட்டு வந்தாங்க, நிக்க முடியல. நானும்தான் அவனை மிதிச்சேன், அர்கிப்பே. காலுக்கடியில அவன் கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றான். அவனுக்கு ஒரு குவளை ஒயின் கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன செய்வது?

அந்த இடம் இப்போது உன் கையில் இருக்கிறது. எங்கள் தளபதி ஃபானியாஸ் தூது அனுப்ப மாட்டேன் என்கிறான். பிணம் கேட்டால் தோற்றோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், நாணல்வெளி உங்களுக்குப் போய்விடும், கேட்காதவரைக்கும் நாங்கள் தோற்கவில்லை என்று சபையில் மார்தட்டிப் பேசுகிறான். அவன் வீட்டில் யாரும் சாகவில்லை.

இந்த வெயிலில் ஒரு பிணம் எத்தனை நாள் தாங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கொண்டுவரும் கொன்னிஸ் இரண்டு பக்கமும் வெங்காயம் விற்பவள், அவள் கழுதையை யாரும் சோதிப்பதில்லை. ராத்திரி அதன்மேல் அவரை ஏற்றி மேலே சாக்கைப் போட்டு அனுப்பு. ஊர் ஊரோடு சண்டை போடட்டும். எந்த ஊரில் கட்டிக்கொடுத்தாலும் நான் உன் அக்கா.

அர்கிப்பே


நாணல்வெளிப் பாசறை
அறுவடை மாதம், தேய்பிறை மூன்றாம் நாள்

அக்கா,

அத்தான் கிடக்கிற இடம் எனக்குத் தெரியும். நேற்றே பார்த்துவிட்டேன். கவசத்தையும் செருப்பையும் பையன்கள் உருவிவிட்டார்கள், அதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி நாய் வராமல் கல்லெறியச் சொல்லியிருக்கிறேன். மேலே என் பழைய போர்வை கிடக்கிறது. பாசறையில் இதற்கே முணுமுணுக்கிறார்கள்.

கழுதை வேலைக்கு ஆகாது. நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். இங்கே நூற்றுக்கணக்கில் ஆட்கள் வெயிலில் உட்கார்ந்து உங்கள் தூதனுக்காகக் காத்திருக்கிறார்கள். வெற்றிக் கம்பம் நட்டாகிவிட்டது, உங்கள் தலைக்கவசங்கள் அதில் தொங்குகின்றன. ஆனால் நீங்கள் வந்து கேட்கும்வரை அது வெறும் கட்டைதான், இரண்டு ஊருக்கும் அது தெரியும். நீங்கள் கேளாமல் ஒரு பிணத்தை நான் கொடுத்தால், நாளைக்கு ஃபானியாஸ் "நாங்க கேக்கவே இல்லியே, அவங்களாத்தானே குடுத்தாங்க" என்று பல்லைக் காட்டுவான். இங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்மார் என்னை உயிரோடு விடுவார்களா?

ஒரே ஓர் ஆள் தூதுக் கோலைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்கட்டும். அந்த நிமிஷமே அத்தானை என் தோளில் தூக்கி எல்லைவரைக்கும் கொண்டுவருகிறேன். என் மேல் சத்தியம். நீ உங்கள் ஆட்களிடம் பேசு. சின்ன வயதில் என்னை அடக்கின வாய்தானே அது.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் எடுத்துவிட்டோம், ஒருவர் பாக்கியில்லை. என் பையன் லாம்பிஸ் உங்களை மலைப்பாதையில் துரத்திக்கொண்டு போன கூட்டத்தில் இருக்கிறான். அவனுக்கு முதல் சண்டை. எதிர் வரிசையில் மாமாவைப் பார்த்ததும் கேடயத்தைச் சாய்த்து வேறு பக்கம் போய்விட்டானாம், கூட நின்றவன் சொல்லிச் சிரிக்கிறான். வந்ததும் காதைப் பிடித்துத் திருகப் போகிறேன்.

எவாகோன்


தெலாசா
தேய்பிறை நான்காம் நாள்

எவாகோனுக்கு,

பேசு என்றாய். பேசியவன் கதையைக் கேள்.

தோல் பதனிடும் கெர்டோனை உனக்குத் தெரியாது. பெரிய மூக்கு, வாயைத் திறந்தால் மூடமாட்டான். சபையில் இருக்கிறவன், பிள்ளை இல்லாதவன், அவனுக்கு அந்த வெளியில் யாரும் கிடக்கவில்லை. இன்று காலை எழுந்து நின்று சொன்னான்: "அய்யா, அது புல்லு மொளைக்கிற எடம். அங்க கெடக்குறது நம்ம ஆளுங்க. கேட்டுத் தொலைச்சுருவோம். அடுத்த வருஷம் போயி அந்த எடத்த மீட்டுக்கலாம், செத்தவனை அடுத்த வருஷம் மீட்க முடியாது."

நாங்கள் பெண்கள் வெளியே சுவரோரம் நின்றிருந்தோம். எனக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது.

ஃபானியாஸ், "யாருகிட்ட கைநீட்டி வாங்குன?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டான். முதல் கல்லை யார் எறிந்தார்கள் என்று தெரியவில்லை. கெர்டோன் சந்தைக்குள் ஓடினான். மீன் கடைப் பலகைக்கு அடியில் நுழைந்தான், காலைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதும் பேசிக்கொண்டே இருந்தான். தாடை உடைந்த பிறகும் பேசினான், என்ன சொல்கிறான் என்று புரியவில்லை.

அப்போது கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. என்னைத்தான். எதிரித் தளபதியின் அக்கா கல்லெறிகிறாளா இல்லையா என்று பார்த்தார்கள். யாரோ என் கையில் ஒரு கல்லைத் திணித்தார்கள். எறிந்தேன், தம்பி. குறி தப்பவில்லை. என் புருஷனுக்காகப் பேசின ஒரே மனுஷன்மேல் எறிந்தேன். அவன் மூச்சு நின்ற பிறகுதான் கூட்டம் கலைந்தது.

இனிமேல் இந்த ஊரில் கேட்போம் என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நீ உன் கம்பத்துக்கடியில் உட்கார்ந்து எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திரு. போர்வை போட்டேன் என்று எழுதினாயே, அதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தாயா? போர்வையை எடுத்துக்கொண்டு மனுஷனைக் கொடு.

அர்கிப்பே


நாணல்வெளிப் பாசறை
தேய்பிறை ஐந்தாம் நாள்

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் அப்புறம். எனக்கு ஒரு தகவல் வேண்டும். கொன்னிஸ் அங்கேயே காத்திருப்பாள், உடனே எழுதிக் கொடு.

துரத்திப் போன கூட்டம் நேற்று சாயங்காலம் திரும்பியது. ஆடுகள், எண்ணெய்ச் சாடிகள் எல்லாம் கொண்டுவந்தார்கள். உங்கள் பக்கத்துக் களஞ்சியங்களைக் கொளுத்திவிட்டு வேறு வழியாக இறங்கியிருக்கிறார்கள். லாம்பிஸ் எங்கே என்று கேட்டேன். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சொன்னான்: "இடுப்புல அம்பு தைச்சிருச்சு. கொஞ்சம் நெழல்ல உக்காருறேன், நீங்க போயிட்டு வாங்கன்னான். தண்ணி குடுத்துட்டுத்தான் போனோம்." முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்கள் அழைத்து வருவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அவன் முன்னாலேயே போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒருவர் பாக்கியில்லை என்று உனக்கு எழுதினேன். என் பிள்ளையை எண்ணாமலே எழுதியிருக்கிறேன்.

அத்திமரங்கள் நிற்கிற கல்சுவர் ஓரம் விட்டுவந்திருக்கிறார்கள், அது உங்கள் எல்லைக்குள். உயிரோடு பிடித்து வைத்திருந்தால் என்ன கேட்டாலும் தருகிறேன், வீட்டை விற்றாவது தருகிறேன் என்று சொல். சிறையில் இருக்கிறானா என்று பார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும். உனக்கு அவனைத் தெரியும், நீதான் அவனுக்குப் பெயர் வைத்த அத்தை, நான் எதற்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, சீக்கிரம்.

எவாகோன்


தெலாசா
தேய்பிறை ஐந்தாம் நாள், மாலை

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி.

லாம்பிஸ் உயிரோடு இல்லை. களஞ்சியம் எரிந்த வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர், கல்சுவர் நிழலில் அவனைப் பார்த்திருக்கிறார்கள். அவன் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். தண்ணீர் கேட்டானா, சரணம் என்றானா, தெரியாது. மண்வெட்டியால் வெட்டினார்கள். ஒரே வெட்டில் முடிந்துவிட்டது என்று உனக்கு எழுத நினைத்தேன். ஆனால் பிணத்தை நீயே பார்ப்பாய், பிறகு என்னை நம்பமாட்டாய். ஒரே வெட்டில்லை.

குதிகாலில் கயிறு கட்டித் தெருவழியாக இழுத்து வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். யாரோ மெலாய்க்காரன் என்றுதான் நினைத்தேன், உன் ஊர்க்காரன் ஒருவன் செத்தான் என்று ஒரு மூச்சு நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் முகம் திரும்பியது. நான் போட்ட கூச்சலில்தான் அது யார் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் யாரோ ஒரு பிணமாகக் குழியில் போட்டிருப்பார்கள். நான் கத்தியதால் அவன் ஃபானியாஸுக்குப் புதையலாகிவிட்டான்.

ஃபானியாஸ் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். "தளபதி எவாகோன் ஜெயிச்ச அன்னிக்கே தன் ஆளை நம்ம மண்ணுல விட்டுட்டுப் போயிட்டாராம். வேணும்னா முறைப்படி ஆள் அனுப்பிக் கேக்கட்டும். நாங்க என்ன காட்டுமிராண்டியா, குடுக்கமாட்டோமா?" என்றான். சபை முழுக்கச் சிரித்தது. நீ கேட்டால் உன் வெற்றி போச்சு. கம்பத்தைப் பிடுங்க வேண்டும், நாணல்வெளி எங்களுக்கு.

அவனை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. கோட்டை வாசலுக்குள்ளே நிழலில் கிடத்தியிருக்கிறார்கள். கழுவ மட்டும் என்னை விட்டார்கள். எண்ணெய் தடவினேன், முடியைச் சீவினேன், வாயில் காசு வைத்தேன். ஓர் அத்தை செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். புருஷனுக்குச் செய்ய முடியாததை உன் பிள்ளைக்குச் செய்தேன்.

நீ கேட்டால் இரண்டு ஊரும் பிணம் எடுக்கும்வரை சண்டை நிற்கும், என் தெலெசோனும் எனக்குக் கிடைப்பார். அதனால் கேள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்காதே என்று சொல்லவும் வரவில்லை. ஒன்று மட்டும், ஆள் அனுப்பித் தூக்கிவிடலாம் என்று நினைக்காதே. வாசல்மேல் வில்லோடு காத்திருக்கிறார்கள்.

அக்கா


நாணல்வெளிப் பாசறை
தேய்பிறை ஆறாம் நாள்

அக்கா,

உன் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினேன். மத்தியான வெயிலில் காவல் தூங்கும் என்று நினைத்தேன். விரும்பித்தான் போனார்கள் பையன்கள், நான் கட்டாயப்படுத்தவில்லை. வாசல்வரைக்கும் போனார்கள். ஒருவன் லாம்பிஸின் காலைத் தொட்டுவிட்டானாம். ஐந்து பேர் அங்கேயே விழுந்தார்கள். இப்போது என் பிள்ளையோடு ஆறு.

என் துணைத் தளபதிகள் கூடாரத்துக்கு வந்தார்கள். "வெறும் கல்லறை கட்டி அழுதுட்டுப் போவோம் தளபதி, கடல்ல செத்தவனுக்கு நாம அப்படித்தானே செய்யுறோம்" என்றார்கள். நல்ல மனுஷர்கள். சொல்கிறது தப்பில்லை. இரண்டு நாள் முன்னால் வேறு ஒருவன் பிள்ளைக்காக என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பிறகு ட்ரோபாஸ் வந்தான். குயவன், என் வரிசையில் முப்பது வருஷம் நின்றவன். இந்தச் சண்டையில் அவனுக்கு இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். "என் ரெண்டு புள்ளையக் குடுத்து வாங்குன எடம் எவாகோன். ஒன் ஒரு புள்ளைக்காக அதைத் திருப்பிக் குடுத்துருவியா?" என்று கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை. அவன் கேட்டது நியாயம்.

உனக்கு நான் எழுதினது ஞாபகம் இருக்கிறது. ஒரே ஓர் ஆள் வந்து கேட்டால் போதும் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளை விடிந்ததும் தூதனை அனுப்புகிறேன். ட்ரோபாஸ் எழுந்திருக்கும் முன்னால் அனுப்ப வேண்டும்.

எவாகோன்


தெலாசா
தேய்பிறை எட்டாம் நாள்

தம்பி,

நேற்று நாணல்வெளியில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாயா தெரியவில்லை, நான் வண்டிகளுக்குப் பக்கத்தில் முக்காட்டோடு நின்றிருந்தேன். தாடி இவ்வளவு நரைத்துவிட்டதே உனக்கு. லாம்பிஸை வேறு யாரையும் தொடவிடாமல் நீயே தூக்கிக்கொண்டு போனாய். தலை சாயாமல் பிடித்துக்கொண்டாய், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி. ஓடி வர நினைத்தேன். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டிவிட்டான்.

தெலெசோன் வந்துவிட்டார். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இடது காலில் இரண்டு விரல் ஒட்டியிருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இன்று எரித்தோம். உன் போர்வையோடுதான் எரித்தோம், பிரித்தெடுக்க முடியவில்லை. என் மனசு ஆறிவிட்டது என்று சொன்னால் நீ புரிந்துகொள்வாய். உனக்கு நான் கடன்பட்டவள் இல்லை, உனக்கு அக்கா. ஆனாலும் நீ செய்ததை மறக்கமாட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டுக்குப் போகாதே. இங்கே தெருவில் உன் பெயரில் பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள், எங்களுக்கு ஜெயித்துக் கொடுத்த தளபதி எவாகோனாம். இந்தக் கேலி உன் ஊருக்கும் எட்டும். கெர்டோன் கேட்கலாமா என்று வாயைத்தான் திறந்தான், அதற்கே அப்படிச் செய்தார்கள். நீ கேட்டே விட்டாய். உன் ஊர்க்காரர்கள் எங்களைவிட நல்லவர்கள் என்று நினைக்கிறாயா? இரண்டு ஊருக்கும் பொதுவான கோயில் இருக்கிறது, அங்கே போய்ப் பலிபீடத்தைப் பிடித்துக்கொள், அதைப் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது. இல்லையென்றால் என் வீட்டுக்கு வா, என் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தவனை யார் தொடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

உன் அக்கா


மெலாய்
தேய்பிறை ஒன்பதாம் நாள்

அக்கா,

லாம்பிஸை அவன் அம்மாவிடம் சேர்க்க வேண்டாமா? அவளை விட்டுவிட்டு நான் எந்தப் பலிபீடத்தைக் கட்டிக்கொள்வது? பிணத்தோடு வீட்டுக்கு வந்தேன். நீ சீவின தலையை அவள் கலைக்கவே இல்லை. "அண்ணி கை பட்டுருக்கு" என்றாள். இன்று காலை அவனைப் புதைத்தோம். அந்த ஐந்து பேரையும் அவர்கள் வீட்டார் புதைத்தார்கள். எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை.

நாளை சபை. என்ன சொல்லப் போகிறாய் என்று அவள் கேட்கிறாள். தளபதியாக நான் செய்தது தப்பு, அதைத்தான் சொல்லப் போகிறேன். தகப்பனாக மறுபடியும் செய்வேன் என்பதைச் சொல்லமாட்டேன், ட்ரோபாஸ் முன்னால் உட்கார்ந்திருப்பான். பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கொன்னிஸிடம் பேச்சு வாக்கில் கேட்டேன், இரண்டு ஊரில் எந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று. "ரெண்டு பேரும் வெங்காயத்தை அமுக்கிப் பாத்துட்டு வெலையக் கொறைக்கிறவங்கதான்" என்றாள். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

உன் அடுப்பங்கரைக்கு நன்றி. சாப்பிடு. அத்தான் போனதிலிருந்து நீ சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

எவாகோன்


நாணல்வெளி
அறுவடை மாதம், தேய்பிறை பன்னிரண்டாம் நாள்

தம்பி,

இதை ஈயத் தகட்டில் கீறுகிறேன், மண்ணுக்குள் நிற்க வேண்டுமே. மடித்து உன் கையில் வைத்துவிடுவேன். கீழே போய்ச் சாவகாசமாகப் படி.

கொன்னிஸ் எல்லாம் சொன்னாள். நீ பேசி முடிக்கும்வரைக்கும் ட்ரோபாஸ் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தானாம். உன்மேல் கல்லெறிந்தபோது அவன் எறியவில்லையாம். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டானாம். எறிந்தவர்கள் பெரும்பாலும் உன் பாசறையில் உட்கார்ந்து எங்கள் தூதனுக்காகக் காத்திருந்த பையன்கள்தானாம்.

உங்கள் மண்ணில் உன்னைப் புதைக்கக்கூடாது என்று தீர்ப்பு. எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டார்கள். எல்லைக்கு வெளியே என்றால் இப்போது நாணல்வெளிதான். நேற்றுக் காலை மேய்ச்சல்காரர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். எங்கள் சபையில் சிரித்தார்கள். ஒருவனுக்கும் நீ வேண்டாம். உன் ஊர் உன்னை எறிந்துவிட்டது, அதனால் யாரும் தூது அனுப்பமாட்டார்கள். உன்னை வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு லாபமும் இல்லை. ஃபானியாஸ் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். ஓர் ஆணியளவுகூட நீ யாருக்கும் பெறமாட்டாய், தம்பி. எனக்கு அதைக் கேட்டு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு எழுந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டேன்.

கொன்னிஸின் கழுதையை வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் வந்தேன். நீ குப்புறக் கிடந்தாய். திருப்பிப் போட்டேன், ஈ ஓட்டினேன், வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். உன் கனத்தைத் தூக்க என்னால் முடியவில்லை. நீ சின்னப் பிள்ளை இல்லையே.

எங்கள் ஆட்கள் இந்த வெளிக்குப் புதிதாகக் காவல் போட்டிருக்கிறார்கள். ஒரு பையன் ஈட்டியோடு ஓடி வந்தான். "யாரும்மா இது?" என்றான்.

"என் தம்பி."

"எடுக்கலாம்னு யாருகிட்ட கேட்டீங்க?"

"யாருகிட்டடா கேக்கணும்?"

அவன் உங்கள் ஊர்ப்பக்கம் பார்த்தான். எங்கள் ஊர்ப்பக்கம் பார்த்தான். பிறகு ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கால்பக்கம் பிடித்தான்.